கொமேனியுஸ் ஆசிரியர் சரித்திரச் சுருக்கம்

சைவசமயிகள் நடாத்தும் பத்திரிகையிலே கிறிஸ்தவகுரு ஒருவருடைய சரித்திரம் வருதல் யாதுபற்றியென அன்பர் சிலர் வினாவுதல் கூடும். நல்லது எவரிடத்திருப்பினும் கொள்ளுதலும், அல்லது எவரிடத்திருப்பினும் தள்ளுதலும் அறிவுடையார் கடனாம். பிள்ளைகளுக்கு முதற்கண் தாய்மொழியிலேயே கல்வி புகட்டல் வேண்டுமெனவும், அதன்பின் அயலார் மொழியைப் பயிற்றுதல் வேண்டுமெனவும், பலதேசத்து அறிஞரும் ஒருங்குகூடிக் கலந்தாராய்ந்தாலன்றி உலகிற் போர் ஒழியாதெனவும், ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே எடுத்துரைத்தவர் இவர். அவ்வாறு உரைத்தவர் நாடாளும் மன்னருமல்லர், செல்வரிற் சிறந்தாருமல்லர். வீடிழந்து, மனைவிமக்களை இழந்து, நாடிழந்து, தேசந்தேசமாய் அலைந்த ஓர் உபாத்தியாயர். யாமும் உபாத்தியாயத் தொழிலிற் பல்லாண்டு கழித்தேமாதலின், அவருடைய சரித்திரத்தை எழுதுதல் எமக்கு உவப்பாயிற்று.

யோவான் ஆமோஸ் கொமேனியுஸ் என்பார் 1592ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28ஆந் திகதி மொறாவியா தேசத்தின் கீழ்ப்பாகத்திலே பிறந்தார். அத்தேசம் இக்காலத்திலே செக் குடியரசின் ஒரு பகுதி. கொமேன்ஸ்கி என்பது அவர் குடிப்பெயர். கொம்னியா என்னும் சிற்றூரிலிருந்து வந்த குடியாதலின் அப்பெயர் பெற்றது. அதனை இலத்தீன் முறைப்படி கொமேனியுஸ் என வழங்கினர். அவர்தந் தாய்மொழி செக். அக்குடும்பத்தார் சகோதரர் ஐக்கியம் என்னும் சிறு கிறிஸ்தவ சங்கத்தைச் சார்ந்தவர்கள். அச்சங்கத்தார் உரோமைச் சபைக்கு வேறானவர்கள். தம் மொழியிலே வேதநூலை வாசித்தலையும் எளிய வாழ்க்கையையும் பெரிதும் போற்றியவர்கள்.

பன்னிரண்டாம் வயதிலே தந்தையார் இறந்தார். அதன்பின் சிறிது காலத்திலே தாயாரும் இறந்தார். தந்தையோடு பிறந்தாள் ஒருத்தி வீட்டிலே வளருங்கால், அவ்வூர் பகைவராற் கொளுத்தப்பட்டது. இவ்வாற்றாற் பிள்ளையின் கல்வி தடைப்பட்டு, இலத்தீன் பாடசாலையிற் புகும்பொழுது அவருக்கு வயசு பதினாறாயிற்று. தம்மினும் இளைய சிறுவர் நடுவேயிருந்து கற்றமையால், அக்காலத்துக் கற்பித்தன் முறையிலுள்ள குற்றங்கள் அவருக்கு நன்கு புலப்பட்டன. பொருள் இன்னதென்றறியாமலே இலத்தீன் இலக்கண விதிகளை மனனஞ்செய்வித்தலும், பிழைவிட்டோரைப் பிரம்பினாற் புடைத்தலுமே கற்பித்தல் எனப்பட்டன. தாய்மொழிக்கோ அப்பாடசாலைகளில் இடமேயில்லை. சிறுபராயம் இவ்வாறு வீணே கழிதலை எண்ணி அவர் பிற்காலத்தும் வருந்தினர்.

1611ஆம் ஆண்டிலே ஜேர்மன் தேசத்து ஹெர்போர்ன் நகரத்து உயர்கலாசாலையிற் சேர்ந்தார். 1613இல் ஹைடல்பெர்க் சர்வகலாசாலைக்குச் சென்றார். பிறநாட்டுக்குப் படிக்கச் செல்லும் இளைஞர் பலர் தம்மொழியை மறத்தல் எக்காலத்தும் கண்கூடு. இவரோ பிறநாட்டிலிருந்தபொழுதே தந்தாய்மொழிக்கு ஓர் அகராதி இயற்றத் தொடங்கினார். ஜேர்மன் மாணாக்கர் தம்மொழியை வளம்படுத்துதலைக் கண்டு, தம்மினத்தார் மொழியும் அங்ஙனம் வளம்பெறல் வேண்டுமென்னும் ஆவல் அவரிடத்து எழுந்தது. செக்மொழிப் பொக்கிஷம் எனப் பெயர்பெற்ற அவ்வகராதியில் அவர் 1612ஆம் ஆண்டு தொடங்கி நாற்பத்துநான்கு ஆண்டு உழைத்தார். அதற்கு வந்த கேட்டைப் பின்னர்க் கூறுவாம்.

தாய்நாடு மீண்ட கொமேனியுஸ் 1616இலே குருப்பட்டம் பெற்று, 1618இல் புல்னெக் என்னும் ஊரிலே சபைக்குக் குருவும் பாடசாலைக்குத் தலைவருமாய் அமர்ந்தார். விவாகமுஞ் செய்தார். அவ்வாண்டிலேயே ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போர் மூண்டது. 1620ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8ஆந் திகதி பிராக் நகருக்கு அணித்தாகிய வெண்மலையிலே செக் பிரபுக்களின் சேனை முறியடிக்கப்பட்டது. வெற்றிகொண்ட பேரரசர் கத்தோலிக்கரல்லாத குருமாரை ஒறுக்கத் தலைப்பட்டனர். புல்னெக் கொள்ளையிடப்பட்டது, கொமேனியுஸ் ஒளித்தோடினார். 1622இலே கொள்ளைநோயினால் அவருடைய மனைவியாரும் இரு குழந்தைகளும் மாண்டனர். அவர்தம் புத்தகங்கள் தீக்கிரையாயின. இத்துயரங்களின் நடுவே, 1623ஆம் ஆண்டளவில், உலகமென்னும் சிக்கலான நகரத்தையும் உள்ளத்தில் உண்டாகும் அமைதியையும் உருவகமாக வைத்து ஒரு வசனநூலைத் தந்தாய்மொழியிலே இயற்றினார். செக் இலக்கியத்திலே தலைசிறந்த நூல்களுள் அஃதொன்றென அம்மொழியறிஞர் இன்றும் மதிக்கின்றனர்.

1627ஆம் ஆண்டிலே பொகீமியாவுக்கும், அடுத்த ஆண்டிலே மொறாவியாவுக்கும் புதிய அரசியற் சட்டம் விதிக்கப்பட்டது. கத்தோலிக்கமொழிந்த சமயங்கள் விலக்கப்பட்டன. செக்மொழி ஒன்றுக்கே பண்டு இருந்த உரிமை ஜேர்மன்மொழிக்கும் பங்கிடப்பட்டது. கற்றாரும் பிரபுக்களும் நாடு நீங்கினர். அம்மொழி நூல்கள் பல கொளுத்தப்பட்டன. ஒரு மொழியானது அதனைப் பேசுவோர் தொகை குறைதலினால் மாத்திரம் தாழ்வதன்று. அதிலே கற்றலும் கற்பித்தலும் ஒழியுங்காற் றாழ்கின்றது. செக்மொழிக்கு நேர்ந்தது அதுவே. 1628ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், மாரிகாலத்துப் பனியினூடே, கொமேனியுஸ் தம் சபையாரோடு எல்லை கடந்து போலந்து தேசத்து லெஷ்னோ நகரை அடைந்தார். அதன்பின் அவர் தாய்நாட்டை மீளக் கண்டிலர்.

லெஷ்னோவிலே பாடசாலையிற் கற்பித்துக்கொண்டே கல்விமுறைபற்றிய தம் பெருநூலை இயற்றினார். தம்மவர் ஒருநாள் ஊர் திரும்புவரென்றும், திரும்பியதும் ஊர்தோறும் பாடசாலை நிறுவவேண்டுமென்றும் கருதி, அதனை முதலிற் செக்மொழியிலேயே எழுதினார். பிறதேசத்தாருக்கும் பயன்படும்பொருட்டுப் பின்னர் இலத்தீனில் விரித்தெழுதினார். ஆண்பிள்ளைகளேயன்றிப் பெண்பிள்ளைகளும், செல்வர் பிள்ளைகளேயன்றி வறியோர் பிள்ளைகளும் கல்விக்கு உரியரென்பது அந்நூற்றுணிபு. ஆறு வயசுவரை தாய்மடியே பாடசாலை. ஆறுமுதற் பன்னிரண்டுவரை ஊர்தோறுமுள்ள தாய்மொழிப் பாடசாலை. பன்னிரண்டுமுதற் பதினெட்டுவரை பட்டினந்தோறுமுள்ள இலத்தீன் பாடசாலை. அதற்குமேற் சர்வகலாசாலையும் தேசசஞ்சாரமும். தாய்மார் பிள்ளைகளை ஆறு வயசுவரை வளர்க்குமாற்றைக் கூறும் சிறுநூல் ஒன்றையும் தனியே செய்தார்.

மொழிகளைப்பற்றி அவர் கொண்ட கொள்கை சிறப்பாக நோக்கற்பாலது. மொழியானது அறிவன்று; அறிவைப் பெறுதற்கும் பிறர்க்கு ஈதற்கும் கருவியே யாம். ஆகலின் மொழிகளனைத்தையும் ஒருவர் கற்கவேண்டுவதில்லை. வேண்டுவனவற்றையே கற்றல் வேண்டும். இல்வாழ்க்கைக்குத் தாய்மொழி வேண்டும். அயனாட்டாரோடு அளவளாவுதற்கு அவர்மொழி வேண்டும். போலந்து தேசத்தார்க்கு ஜேர்மன் போலவும், வேறு சிலர்க்குக் கங்கேரியமும் துருக்கியமும் போலவும் என்க. நூலாராய்ச்சிக்கு இலத்தீன் வேண்டும். இவற்றைக் கற்பிக்கும் முறையும் இதுவே. தாய்மொழியிலே வாசிப்பும் எழுத்தும் கணக்கும் பொருளறிவும் நிலைபெற்றபின், பத்து வயசுக்கும் பன்னிரண்டு வயசுக்கும் இடைப்பட்ட காலத்தில் அயலார் மொழியைப் பயிற்றல் வேண்டும். இலக்கண விதிகளைக் காட்டிலும் பேச்சுப்பழக்கமே அதற்குச் சிறந்த வழி. அதன்பின்னரே கற்றோர் மொழி. படியொன்றைக் கடவாமல் அடுத்த படியில் ஏறுதல் கூடாதென்பதே அவர் கருத்து.

1631ஆம் ஆண்டிலே மொழிவாயில் என்னும் பொருள்படும் பெயரோடு அவர் ஒரு பாடநூல் வெளியிட்டார். ஏறக்குறைய எண்ணாயிரஞ் சொற்களை ஆயிரம் வாக்கியங்களில் அமைத்து, நூறு அதிகாரங்களாக வகுத்தது அந்நூல். இலத்தீனும் தாய்மொழியும் அருகருகே நிற்ப, மாணாக்கன் உலகப்பொருள்களை முறையாக அறிந்துகொண்டே சொற்களையும் அறிவான். சில ஆண்டுகளுக்குள்ளே ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலே அது பெயர்க்கப்பட்டது. ஆசியமொழிகள் சிலவற்றிலும் பெயர்க்கப்பட்டது. ஊரற்ற உபாத்தியாயர் ஒருவருடைய பெயர் ஐரோப்பாவின் பாடசாலைகளெங்கும் வழங்கலாயிற்று.

சாமுவேல் ஹார்ட்லிப் என்னும் அன்பர் அழைப்பிற்கிணங்கி 1641ஆம் ஆண்டிலே கொமேனியுஸ் இலண்டன் மாநகரஞ் சென்றார். பலதேசத்து அறிஞரும் ஒருங்கிருந்து ஆராய்தற்பொருட்டு ஒரு கல்லூரியை ஒதுக்கிக் கொடுத்தல்பற்றி ஆங்கே ஆலோசனை நடைபெற்றது. எல்லாத் தேசங்களினின்றும் தெரிந்தெடுக்கப்பட்ட அறிஞர் தம்முட் கடிதப்போக்குவரவு செய்து, கண்டறிந்தவற்றைப் பகிர்ந்து, நூல்களையும் பாடசாலைகளையும் சீர்ப்படுத்தவேண்டுமென்று அவர் அப்பொழுது எழுதிய நூல் ஒளியின் வழி எனப் பெயர்பெறும். அதனை 1668இல் அச்சிட்டு இலண்டன் வேத்தியற் கழகத்தாருக்கு உரிமையாக்கினார். 1641இலே அயர்லாந்திற் கலகமும், 1642இலே இங்கிலாந்தில் உள்நாட்டுப்போரும் எழுந்தமையால் அக்கல்லூரி அமைந்திலது. போர் இவர்தம் முயற்சிகளை அழித்தல் இஃது இரண்டாமுறை.

பின்னர்ச் சுவீடன் தேசத்து மந்திரி ஒக்சென்ஸ்ரியேர்ணாவின் விருப்பப்படி எல்பிங் நகரிலே ஆறாண்டு தங்கிப் பாடநூல்கள் இயற்றினார். சுவீடன் வெற்றிபெறின் செக்கர் ஊர்திரும்பலாமென்னும் நம்பிக்கையே அவரை அங்கே இருத்தியது. 1648ஆம் ஆண்டு வெஸ்ற்பாலியா உடன்படிக்கையிலோ நாடிழந்த செக்கரை எவரும் நினைந்திலர். அவர் அம்மந்திரிக்கு நெஞ்சுபுழுங்கிக் கடிதம் எழுதினார். அவ்வாண்டிலேயே இரண்டாம் மனைவியாரையும் இழந்தார். அவரே தம் சபையின் கடைசி அத்தியட்சருள் ஒருவருமாயினார். 1650இலே சாகுந்தறுவாயிலுள்ள தாயொருத்தி தன் மக்களுக்கு மரணசாதனம் எழுதுமாறுபோலத் தம் சபை பேசுவதாக ஒரு சிறுநூல் செய்தார். அத்தாய் செக்மக்களுக்கு விட்டுச்செல்லும் முதுசொத்துக்களுள் தாய்மொழியைத் தூய்மையாகவும் செம்மையாகவும் பேணும் ஆர்வமும் ஒன்றாக வைக்கப்பட்டது.

1650 தொடங்கி 1654 வரையும் கங்கேரி தேசத்துச் சாறொஸ்பத்தக் என்னும் ஊரிலே கற்பித்தார். மாணாக்கரை நாடகம் ஆடச்செய்து பாடம் பயிற்றினார். சித்திர உலகம் என்னும் புகழ்பெற்ற நூலும் அங்கேயே உருவாயிற்று. அது 1658ஆம் ஆண்டு நூரம்பெர்க் நகரிலே இலத்தீனும் ஜேர்மனுமாக அச்சேறிற்று. அடுத்த ஆண்டிலே ஆங்கிலத்தோடும் வெளிவந்தது. நூற்றைம்பது அதிகாரங்கொண்ட அந்நூலிலே அதிகாரந்தோறும் ஒரு படமும், படத்திலுள்ள பொருள்களுக்கு இலக்கங்களும், அவ்விலக்கங்கட்கு நேரே இருமொழிச் சொற்களும் உள. நூன்முகப்பிலே அரிச்சுவடிக்கு விலங்கு பறவைகளின் ஓசையே துணை. பிள்ளைகளுக்கென்றே படங்களோடு செய்யப்பட்ட பாடநூல்களுள் அதுவே முன்னோடியெனக் கருதப்படுகின்றது. 1685ஆம் ஆண்டிலே, ஆசிரியர் இறந்து பதினைந்தாண்டு கழிந்தபின், இலத்தீன், ஜேர்மன், கங்கேரியம், செக் என்னும் நான்கும் ஒரே நூலில் அருகருகே நிற்க ஒரு பதிப்பு வந்தது. நான்கினத்துப் பிள்ளைகள் ஒரே படத்தைப் பார்த்துத் தத்தம் மொழியிற் பெயர்கூறும் புத்தகத்தினும் சிறந்த உறவுப்பாலம் வேறு யாதுளது?

இவ்விடத்தே எம் சிறுபராயத்தை நினையாதிருத்தல் எமக்கு இயலவில்லை. யாம் பயின்ற மிஷன் பாடசாலையிலே, கண்ணாற் காணாத உறைபனியையும் வாயாற் சுவையாத கனிகளையும் பற்றிய ஆங்கிலப் பாட்டுக்களைப் பொருள் தெரியாமலே ஒப்பித்துப் பரிசு பெற்றேம். முற்றத்திலே நின்ற வேம்பின் பெயரைத் தமிழிற் சொன்னமைக்குத் தண்டனையும் பெற்றேம். அப்பாடசாலை எமக்குச் செய்த நன்மைகளை யாம் மறந்தேமல்லேம். ஆயினும், கொமேனியுசை முதற்போற்றவேண்டியவர்கள் அவர் முறையைக் கைவிட்டது எங்ஙனமென்பது இன்றும் எமக்கு வியப்பே.

கங்கேரியினின்று லெஷ்னோவுக்கு மீண்டபின் மற்றொரு பேரிடர் வந்தது. சுவீடன் அரசர் போலந்தின்மேற் படையெடுத்தபொழுது கொமேனியுஸ் அவரைப் புகழ்ந்து 1655இல் ஒரு நூல் எழுதினார். தம்மைத் தாங்கிய நாட்டின் பகைவரைப் புகழ்ந்தது அவர்தம் வாழ்க்கையிலே பெரும்பிழையாம். 1656ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே போலந்துப் படையினர் லெஷ்னோவைக் கொளுத்தினர். வீடும் நூனிலையமும் வெந்தன. நாற்பத்துநான்காண்டு உழைத்துச் சேர்த்த செக்மொழிப் பொக்கிஷமும் சாம்பராயிற்று. மற்றையவற்றை மீளவும் எழுதலாம். அகராதியையோ அறுபத்துநான்கு வயசிலே மீளத் தொடங்குதல் ஆகாது. அவ்விழப்புக்கு வருந்துதல் தம் மூச்சடங்கும்போதே அடங்குமென்னுங் கருத்துப்பட அவர் எழுதியிருக்கின்றார்.

அதன்பின் ஒல்லாந்து தேசத்து அம்ஸ்ரர்டாம் நகரம் அவருக்குப் புகலாயிற்று. அந்நகரசபையார் ஆதரவினால் அவருடைய கல்விநூல்களனைத்தும் 1657இலும் அடுத்த ஆண்டிலுமாக ஒரு பெருந்தொகுதியாய் வெளிவந்தன. 1658ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலேதான் அதே ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்துக் கோட்டையைப் போத்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர் என்பது ஈண்டு நினைத்தற்பாலது. ஒருபால், நாடிழந்தவருக்குப் புகலளித்து அவர் நூலை அச்சிட்ட நகரம். ஒருபால், அந்நகரத்து வணிகசங்கத்தார் எம் முன்னோர் பிள்ளைகளைத் தம் கோயிற் பாடசாலைகளுக்கு வரச்செய்து, வாராதவர்க்குத் தண்டம் விதித்த நாடு. ஒரே தேசத்தாரிடத்து இரண்டுங் காணப்படுதல், கல்வியும் அதிகாரமும் கூடுமிடத்துக் கருத்தாயிருத்தல் வேண்டுமென எமக்கு அறிவுறுத்துகின்றது.

இவரிடத்தும் குறைகள் உள. எதிர்காலங் கூறுவோரென வந்த சிலரை நம்பி அவர் வாக்குக்களை அச்சிட்டு, கற்றோர் நகைப்புக்கு ஆளாயினார். உலகத்தார் யாவரும் தம் சமயத்தையே சார்தல் வேண்டுமென்பதும் அவர் விருப்பம். துருக்கியமொழியிலே விவிலியத்தை வெளியிடும் முயற்சிக்குத் துணைநின்றதும் அதுபற்றியே. சமயம் பலவாதல் இறைவன் திருவுளத்துக்கு மாறன்றென்னும் எம்மவர்க்கு இஃது உடன்பாடன்று. ஆயினும் பலவந்தத்தினாற் சமயம் புகுத்தலை அவர் வெறுத்தார். அதன் கொடுமையைத் தாமே அனுபவித்தவரல்லரோ.

1667இலே இங்கிலாந்துக்கும் ஒல்லாந்துக்கும் பிறேடா நகரிலே சமாதானம் பேசப்பட்டபொழுது, முதியவராகிய அவர் இருதிறத்துத் தூதருக்கும் சமாதான தூதன் என்னும் நூலை எழுதியனுப்பினார். மானிடர் காரியங்களைத் திருத்துதல்பற்றி ஏழு பகுதிகளாக ஒரு பெருநூலையும் எழுதிக்கொண்டிருந்தார். அதில் ஒரு பகுதி மொழிகளைப்பற்றியது. உலகினர் யாவர்க்கும் பொதுவாயதொரு மொழியை அஃது ஆராய்கின்றது. பிறிதொரு பகுதி கல்விக்கும் சமாதானத்துக்கும் சமயத்துக்கும் உலகப் பொதுச்சபைகள் மூன்றமைத்தலைக் கூறுகின்றது. அந்நூல் முற்றுமுன் 1670ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 15ஆந் திகதி தேகவியோகமாயினார். நார்டென் என்னும் ஊரிலே அடக்கஞ் செய்யப்பட்டார்.

அப்பெருநூலின் கையெழுத்துப்பிரதி ஜேர்மன் தேசத்து ஹல்லே நகரிலே இருநூற்றாண்டுக்குமேல் மறைந்து கிடந்தது. 1930க்களிலே கண்டெடுக்கப்பட்டு, 1966ஆம் ஆண்டிலே பிராக் நகரில் முழுவதும் அச்சேறியது. எரிந்த அகராதிக்கு ஈடாக, யுங்மன் என்னும் அறிஞர் 1830க்களிலே ஐந்து பகுதிகளாகப் பேரகராதி செய்து செக்மொழிக்கு மறுவாழ்வு அளித்தார். 1918இலே அவ்வினத்தார் சுதந்திரம் பெற்றனர். 1919இலே பிறட்டிஸ்லாவாவில் நிறுவப்பட்ட சர்வகலாசாலை கொமேனியுஸ் பெயர் தாங்கிற்று. அவருடைய கல்விநூற்றொகுதியின் முந்நூறாண்டு நிறைவை 1957இலே யுனெஸ்கோ நிறுவனம் கொண்டாடியது. ஐரோப்பிய ஒன்றியத்தார் தம் பாடசாலைகளுக்கிடையே ஆசிரியரும் மாணாக்கரும் கலந்து பழகுதற்பொருட்டு 1995இலே தொடங்கி 2013வரை நடாத்திய திட்டத்துக்கும் அவர் பெயரே இடப்பட்டது. அவர் பிறந்த மார்ச்சு 28ஆந் திகதி செக் நாட்டிலும் சிலோவாக்கிய நாட்டிலும் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகின்றது.

இச்சரித்திரத்தால் யாம் அறியற்பாலது யாது? தாய்மொழியைப் பேணுதலும் பிறமொழியை மதித்தலும் ஒன்றற்கொன்று பகையல்ல. முன்னது வேர், பின்னது கிளை. வேரின்றிக் கிளையில்லை, கிளை வேண்டாவென வெட்டுவார்க்கு நிழலுமில்லை. அரிவரி முடியாத பிள்ளையை ஆங்கிலத்தாலேயே நிரப்ப முந்தும் பெற்றோரையும், சிங்களம் எமக்கெதற்கென்று அயலார் மொழியை இகழும் இளைஞரையும், தமிழை ஒரு பொருட்டாக எண்ணாத அயலாரையும் யாம் ஒருங்கே காண்கின்றோம். இம்மூவரும் கற்கவேண்டியது அவ்வூரிழந்த ஆசிரியரிடத்தே உளது. ஒரு மொழியின் அழிவை ஓரிரவிற் கண்ட அவர், பிறர்மொழி அழிக என்று ஒருபோதும் எழுதிற்றிலர். அதனையே யாம் அவர்பாற் பெரிதும் போற்றுகின்றோம்.